எடைக்குறைப்பு ஊசியும் ஜீவசத்து மாத்திரையும்: ஒரு பரிசீலனை

உணவைக் குறைத்துக்கொண்ட ஒருவருக்கு, அவ்வுணவோடு சேர்ந்து குறைந்துபோகும் நுண்சத்துக்களை வேறு வழியில் ஈடுசெய்ய வேண்டுமா என்ற கேள்வி, வாரத்துக்கு ஒரு முறை வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொள்ளும் எடைக்குறைப்பு ஊசிகளோடு பிறந்ததன்று. நூறாண்டுகளுக்கும் மேலாக வைத்திய சாஸ்திரத்தில் பல உருவங்களில் எழுந்து, பல விடைகளைப் பெற்று, எந்த விடையாலும் முழுத் திருப்தி அடையாமல் நீடித்துவந்த கேள்வி அது. இன்று ரொறன்ரோவை அடுத்த மிசிசாகாவில், ஒசெம்பிக், வெகோவி, மௌன்ஜாரோ என்ற பெயர்கள் தமிழ்க் குடும்பங்களின் பேச்சிலும் சர்வசாதாரணமாய்ப் புழங்கத் தொடங்கிவிட்ட நிலையில், அதே கேள்வி மருந்தகத்தின் அலமாரியின் முன்னே நிற்பவரின் கேள்வியாகியிருக்கிறது: ஊசியோடு ஒரு போத்தல் பலசத்து மாத்திரையையும் வாங்க வேண்டுமா, வேண்டாமா? இதற்கு நான்கு விதமான விடைகள் வழங்கிவருகின்றன. அவை எங்கிருந்து தோன்றின, எவ்விடத்தில் பலவீனப்படுகின்றன, தமிழ்க் குடும்பங்களின் ஆகார வழக்கத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்துகின்றன என்பவற்றை ஆராய்வதே இங்கு நோக்கம்.

கேள்வியின் பூர்வ சரித்திரம்

1890-களில் டச்சு வைத்தியரான கிறிஸ்தியான் ஐக்மன் ஜாவாத் தீவில், தீட்டிய வெள்ளரிசியை உண்ட கோழிகளுக்குப் பெரிபெரியை ஒத்த நோய் காண்பதையும், தவிடு நீங்காத அரிசியைக் கொடுத்ததும் அது நீங்குவதையும் கவனித்தார். அதன் தொடர்ச்சி தமிழ்நாட்டுக்கு அந்நியமானதன்று. 1918-இல் நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆராய்ச்சியே பின்னர் போஷாக்கு ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்றைய தேசிய போஷாக்கு நிறுவனமாயிற்று. இந்தியாவின் பல பிரதேசத்து ஆகாரங்களை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்த மக்காரிசன், கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் சேர்ந்த சீக்கியர் உணவில் எலிகள் செழித்ததையும், அரிசியையே பிரதானமாகக் கொண்ட சென்னை ராஜதானியின் உணவில் அவை நலிந்ததையும் பதிவுசெய்தார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் பி-1 ஜீவசத்து அரிசியின் உட்பகுதிக்கு இறங்கிவிடுவதால், புழுங்கல் அரிசியை உண்ட மக்களிடையே பெரிபெரி அரிதாயிருந்தது என்பதும் அக்காலத்து ஆராய்ச்சிகளால் தெளிவுபட்டது.

1935-இல் குன்னூர்க் கூடத்தின் பொறுப்பை ஏற்ற வாலஸ் அய்க்ராய்டு, அதற்கு முன்னர் இன்று கனடாவின் ஒரு மாகாணமாயிருக்கும் நியூபவுண்ட்லாந்தில் பணியாற்றி, நீண்ட குளிர்காலத்தில் வெண்மாவையும் தேநீரையும் நம்பி வாழ்ந்த மீனவர் குடும்பங்களின் பெரிபெரியை ஆராய்ந்தவர் என்பது, கனடாவில் வாழும் தமிழர் அறிந்திருக்கத்தக்க தொடர்பு. அதே நியூபவுண்ட்லாந்தில் 1944-இல் மாவில் ஜீவசத்துக்களைக் கலப்பது கட்டாயமாக்கப்பட்டது. உணவையே திருத்துவது, உணவில் சத்தைக் கலப்பது என்ற இரு மார்க்கங்களும் அன்றே வகுக்கப்பட்டுவிட்டன எனலாம்.

எடையைக் குறைக்கும் முயற்சியில் இப்பிரச்சினை பயங்கரமாக வெளிப்பட்டது 1970-களின் பிற்பகுதியில். அமெரிக்காவில் திரவப் புரதம் என்ற பெயரில் விற்கப்பட்ட, தரம் தாழ்ந்த கொலாஜன் கரைசலை மட்டுமே மாதக்கணக்கில் அருந்தி மெலிந்தவர்களில் ஏறத்தாழ 60 பேர் மரித்தனர். பலருடைய மரணம் இதயத்தின் லயம் குலைந்ததால் நேர்ந்தது. அதன் பின்னரே, மிகக் குறைந்த கலோரி ஆகாரத்தை வைத்தியர் விதிக்கும்போது ஜீவசத்துக்களையும் தாது உப்புக்களையும் முழு அளவில் சேர்த்தே விதிக்க வேண்டும் என்பது நடைமுறையாயிற்று. இரைப்பைச் சத்திரசிகிச்சைகள் பரவியபோது இவ்விதி மேலும் இறுகி, ஆயுள் முழுதும் மாத்திரை என்ற வடிவம் பெற்றது.

மருந்து செய்வதும் செய்யாததும்

இன்சுலினைக் கண்டெடுத்த ரொறன்ரோவுக்கு இப்புதிய மருந்துகளின் சரித்திரத்திலும் முக்கியமான இடமுண்டு. உணவு உள்ளே சென்றதும் குடல் சுரக்கும் ஜி.எல்.பி-1 என்னும் ஹார்மோன் இன்சுலினைத் தூண்டுவதை 1980-களில் ஆராய்ந்தவர்களுள் ஒருவரான டானியல் டிரக்கர், பின்னர் ரொறன்ரோவின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சார்ந்த ஆராய்ச்சி நிலையத்திலிருந்தே தம் பணியைத் தொடர்ந்தார். அந்த ஹார்மோனைப் போல் இயங்கும் செமாகுளூடைட், ஒசெம்பிக் என்ற பெயரில் 2018-இல் நீரிழிவுக்கும், வெகோவி என்ற பெயரில் 2021-இல் எடைக் குறைப்புக்கும் கனடாவில் அங்கீகாரம் பெற்றது. வெகோவி இங்கே கடைக்கு வந்தது 2024 மே மாதத்தில்தான்.

2021-இல் வெளியான பெரும் பரிசோதனையில், செமாகுளூடைடை 68 வாரங்கள் ஏற்றிக்கொண்டவர்கள் சராசரியாகத் தம் எடையில் 14.9 சதவீதத்தை இழந்தனர். மௌன்ஜாரோவிலுள்ள டிர்செபடைட் என்ற மற்றொரு மருந்தின் உச்ச அளவு 72 வாரங்களில் 20 சதவீதத்துக்குச் சற்று மேலாகவும் குறைத்தது. இம்மருந்துகள் பசியைத் தணித்து, வயிறு நிறைந்த உணர்வை நீட்டித்து, உட்கொள்ளும் அளவைச் சுருக்குகின்றன. ஒரு வேளை மதிய உணவை விரும்பிய அளவு உண்ணலாம் என்று விட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், செமாகுளூடைட் பெற்றவர்கள் மற்றவரைவிட 35 சதவீதம் குறைவான கலோரியே உண்டனர்.

உண்ணும் வகை மாறாமல் அளவு மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறையுமானால், அதிலுள்ள இரும்பும் சுண்ணமும் துத்தநாகமும் அதே விகிதத்தில் குறைந்துபோம். தேகத்துக்கு நாள்தோறும் வேண்டிய இரும்பும் சுண்ணமுமோ அவ்விகிதத்தில் குறைவதில்லை. முன்னரே எல்லையில் நின்ற சத்து எதுவோ அதுவே முதலில் எல்லைக்குக் கீழே இறங்கும். இக்கட்டுரையில் பின்வரும் விவாதம் அனைத்தும் ஊசி குறையை உண்டாக்குகிறதா, அல்லது முன்பே மறைந்திருந்த குறையை வெளிப்படுத்துகிறதா என்ற இந்த ஒரு நுட்பத்தையே சுற்றிவருகிறது என்று சொன்னால் மிகையாகாது.

எல்லோருக்கும் மாத்திரை என்னும் பட்சம்

முதற்பட்சத்தார் முன்னெச்சரிக்கையை முதன்மையாகக் கொள்பவர்கள். ஒரு பலசத்து மாத்திரையின் விலை அற்பம், அதனால் நேரும் தீங்கும் அற்பம், ஆகவே எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்பது இவர்கள் வாதம். 2025-இல் அமெரிக்காவில் 4 லட்சத்து 61 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து வெளிவந்த கட்டுரை இவர்களுக்குப் பக்கபலமாயிற்று: இவ்வகை மருந்துகளைத் தொடங்கி ஓராண்டுக்குள் 22 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு போஷாக்குக் குறை பதிவாகியிருந்தது; அவற்றுள் முதன்மையானது டி ஜீவசத்துக் குறை. ஊசி எடுத்துவந்த 69 பேரின் மூன்று நாள் உணவைக் கணக்கிட்ட மற்றொரு சிறு ஆய்விலும், சுண்ணம், இரும்பு, மக்னீசியம், பொட்டாசியம், நார்ப்பொருள் முதலியவை விதித்த அளவுக்குக் குறைவாகவே காணப்பட்டன.

ஆயினும் இச்சான்றுகளை எடுத்தாளும்போது நிதானம் தேவை. பதிவேட்டில் குறை எழுதப்பட்டது என்றால் யாரோ சோதித்துப் பார்த்தார்கள் என்று பொருள். புதிய மருந்தைத் தொடங்கியவரை வைத்தியர் அடிக்கடி சோதிப்பது இயல்பாகையால், அக்குறை மருந்துக்கு முன்பே இருந்திருக்கவும் கூடும். கொழுத்த தேகத்தில் டி ஜீவசத்து கொழுப்பில் பரவிப்போவதால் இரத்தத்தில் தாழ்ந்தே காணப்படும். எடை குறையக் குறையச் சிலருக்கு அது உயர்வதும் உண்டு. இரைப்பைச் சத்திரசிகிச்சையை உவமானமாகக் காட்டுவதும் பூரணமாகப் பொருந்தாது. குடலைத் திருப்பிவிடும் சிகிச்சையில் இரும்பும் சுண்ணமும் உறிஞ்சப்படும் முற்சிறுகுடலை உணவு தொடுவதே இல்லை. ஊசியோ குடலின் பாதையை மாற்றுவதில்லை, இரைப்பை காலியாகும் வேகத்தைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே.

இப்பட்சத்தின் மற்றொரு பலவீனம் அது தரும் போலி நிம்மதி. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் தேவைப்படும் சுண்ணத்தை ஒரு பலசத்து மாத்திரைக்குள் அடக்க இயலாது; மாத்திரை பருமனில் நெல்லிக்காயாகிவிடும். மிட்டாய் போன்ற கம்மி வடிவத்தில் விற்பவற்றில் பெரும்பாலும் இரும்பே இருப்பதில்லை. நீரிழிவுக்காக ஊசி ஏற்றிக்கொள்பவர் சத்துக்காக இனிப்பைச் சப்புவது ஒரு விசித்திரமான முரண். எல்லாவற்றிலும் மேலாக, எந்த ஜீவசத்து மாத்திரையிலும் புரதம் இல்லை. மேற்கூறிய செமாகுளூடைட் பரிசோதனையின் ஒரு பகுதியில் தேக அமைப்பை அளந்தபோது, இழந்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பன்றித் தசை முதலான பகுதியாயிருந்தது. 2025-இல் நான்கு அமெரிக்க வைத்திய, போஷாக்குச் சங்கங்கள் கூடி வெளியிட்ட ஆலோசனை, எடை குறையும் காலத்தில் கிலோ ஒன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதத்தை நாள்தோறும் நாடும்படி சொல்வது இக்காரணத்தாலேயே.

உணவே போதும் என்னும் பட்சம்

மக்காரிசனின் வழிவந்தது என்று சொல்லத்தக்க இரண்டாம் பட்சம், சத்தை உணவிலிருந்தே பெறுக என்கிறது. இதற்குத் தமிழர் அடுக்களையில் ஆதாரம் குறைவில்லை. முள்ளோடு உண்ணும் நெத்தலியும் தகரத்தில் அடைத்த மத்தியும் சுண்ணத்தையும் புரதத்தையும் ஒருங்கே தருவன. 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணம் கொண்ட குரக்கன், முருங்கைக்கீரை, பயறு, கடலை, தயிர், முட்டை ஆகியவை மிசிசாகாவின் தமிழ்க் கடைகளில் வருடம் முழுதும் கிடைப்பன.

ஆனால் இப்பட்சம் ஊசி எடுப்பவரின் வயிற்றை மறந்து பேசுகிறது. 2021-ஆம் ஆண்டுப் பரிசோதனையில் 44 சதவீதத்தினர் குமட்டலைத் தெரிவித்தனர். குமட்டல் வந்தவருக்கு மீன்குழம்பின் மணமே ஆகாது. அவருக்குத் தாங்குவது இரசமும் சோறும், அல்லது தேநீரில் தோய்த்த பிஸ்கட். ஒரு கோப்பைச் சோற்றில் 4 கிராமளவு புரதமே உண்டு; ஒரு முட்டையில் 6 கிராம். அரைத்தட்டு உணவே இறங்கும் நிலையில் சோறு முதலிடத்தையும் கறி கடைசி இடத்தையும் வகிக்கும் பழைய வழக்கம் தொடருமானால், தட்டில் எஞ்சி வீணாவது சத்துள்ள பகுதியே. உணவோடு உடனே அருந்தும் தேநீர், கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்பைத் தேகம் கவரவிடாமல் தடுக்கும் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

குடியேறியவர்க்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. கனடாவில் வெண்மாவில் தயமினும் இரும்பும், 1998 முதல் கட்டாயமாகப் போலிக் அமிலமும் கலக்கப்படுகின்றன. அதன் பயனாக முதுகெலும்புப் பிளவு முதலிய பிறவிக் குறைகள் ஏறத்தாழப் பாதியளவு குறைந்தன. அந்த ஏற்பாடு பாணை நாள்தோறும் உண்போரை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. மூன்று வேளையும் சோறும் இடியப்பமும் தோசையும் உண்ணும் குடும்பத்துக்கு அதன் பயன் எட்டுவது குறைவே.

சோதித்துப் பார்த்தே கொடுக்க வேண்டும் என்னும் பட்சம்

மூன்றாம் பட்சம் கேட்பதற்கு மிக நியாயமாகத் தோன்றுவது: இரத்தத்தைச் சோதி, குறைந்ததைக் கொடு. இரும்பு, பி-12 ஆகிய இரண்டிலும் இதுவே உத்தமமான மார்க்கம் எனலாம். ஒரு சிறு எச்சரிக்கை: தென்னாசியரிடையே தலசீமியாவின் இலேசான பரம்பரைத் தன்மை அபூர்வமன்று, அதிலும் சிவப்பணுக்கள் சிறுத்தே காணப்படுமாதலால், இரும்பின் சேமிப்பைக் காட்டும் பெரிட்டினைப் பாராமல் இரும்பு மாத்திரை தொடங்குவது தகாது. அப்பெரிட்டினோ, தேகத்தில் அழற்சி இருந்தால் உண்மைக்கு மேலாக உயர்ந்து காட்டும். பருமனான தேகத்தில் அழற்சி இருப்பது சாதாரணம். மக்னீசியத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவே இரத்தநீரில் உலவுவதால், சோதனையில் சரியென்று வருவது சேமிப்பும் சரி என்று காட்டாது. சுண்ணத்தின் நிலை இன்னும் வஞ்சகமானது. உணவில் குறைந்தால் எலும்பு கடன்கொடுத்து இரத்தத்தில் அளவைச் சமன்செய்துவிடும். டி ஜீவசத்துச் சோதனைக்கு ஒன்ராறியோவின் ஓஹிப் காப்பீடு 2010 டிசம்பர் முதல் சில நோயாளருக்கன்றிப் பணம் கொடுப்பதில்லை. ஏனையோர் கைப்பணம் செலுத்த வேண்டும்.

மறுப்போர்

நான்காம் பட்சத்தார் இவையனைத்தும் வியாபாரிகளின் சூழ்ச்சி என்பர். அவர்கள் வாதத்தில் சாரம் இல்லாமலில்லை. 25,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்ட அமெரிக்கப் பரிசோதனையொன்றில் டி ஜீவசத்து புற்றுநோயையோ மாரடைப்பையோ தடுக்கவில்லை என்பது 2018-இல் வெளியாயிற்று. முடி கொட்டுகிறதென்று ஊசி எடுப்போர் நாடும் பயோட்டின் என்னும் ஜீவசத்து, அம்முடியுதிர்வு வேகமாக மெலிவதன் விளைவாகிப் பெரும்பாலும் தானே நின்றுவிடுவது என்பது ஒருபுறமிருக்க, தைராய்டுச் சோதனையையும் மாரடைப்பைக் கண்டறியும் சோதனையையும் பிழையாக்கக்கூடியது. கனடாவில் போத்தலின் மேல் அச்சிடப்படும் எட்டு இலக்க என்.பி.என். எண் அச்சரக்கு அனுமதி பெற்றது என்று காட்டும். வாங்குபவருக்கு அது அவசியம் என்று காட்டாது. இருப்பினும், ஆரோக்கியமாக உண்ணும் பொதுமக்களிடம் பயன் காணாத ஒன்று, மூன்றில் இரண்டு பங்கே உண்பவரிடமும் பயனற்றது என்று முடிவுகட்டுவது தர்க்கத்துக்குப் பொருந்தாது. அப்பெரும் பரிசோதனைகள் நுகர்வு சுருங்கியவர்களை எடுத்து நடத்தப்பட்டவையல்ல.

குறைவுகளின் காலக்கணக்கு

நான்கு பட்சங்களும் போதிய கவனம் செலுத்தாத ஒன்று, சத்துக்கள் யாவும் ஒரே வேகத்தில் தீர்வதில்லை என்பது. தேகத்தின் தயமின் சேமிப்பு மிகச் சொற்பம். இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். ஊசியின் அளவைக் கூட்டிய நாள்களில் இடைவிடாது வாந்தியெடுத்து, எதுவும் தங்காமல் கிடப்பவருக்கு, கண்ணசைவு பிறழ்ந்து நடை தள்ளாடி மனம் மயங்கும் வெர்னிக்கே நோய் கண்ட தனித்தனிச் சம்பவங்கள் வைத்தியச் சஞ்சிகைகளில் பதிவாகியுள்ளன. அபூர்வமே ஆயினும், அந்நிலையில் தயமின் கொடாமல் குளுக்கோசை மட்டும் ஏற்றுவது நோயை முற்றச்செய்யக்கூடும் என்பதை வைத்தியர் அறிவர். ஜாவாவின் கோழிகளைப் பீடித்த அதே சத்தின் குறைதான் இது. நாளொரு மாத்திரை இவருக்கு உதவாது, அதுவும் வாந்தியோடு போய்விடும்; வேண்டுவது உடனடிச் சிகிச்சை.

இதற்கு நேர்மாறானது பி-12. ஈரல் சில ஆண்டுகளுக்குப் போதுமானதைச் சேமித்து வைத்திருக்கும். ஆகவே ஊசி தொடங்கிய ஆறு மாதத்தில் பி-12 தாழ்ந்து காணப்பட்டால், காரணத்தை ஊசிக்கு முந்திய காலத்தில் தேடுவதே பொருத்தம். இங்கேதான் தமிழ்க் குடும்பங்களின் நிலை விசேஷ கவனத்துக்குரியது. நீரிழிவுக்காகப் பல்லாண்டு மெட்போமின் உட்கொண்டவர் பலர். அம்மருந்து பி-12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பது நிரூபணமானது. நெஞ்செரிவுக்கான மாத்திரையும் சேர்ந்தால் குறை மிகும். சைவ உணவுக்காரரானால் வரவே சொற்பம். கை கால் விறைப்பை நீரிழிவின் விளைவென்று எண்ணிக் கழித்துவிட்டால், நிவர்த்திக்குரிய குறை நிவர்த்தியாகாமலே போகலாம். விரத வழக்கமும் கவனிக்கத்தக்கது: கந்தசஷ்டியின் ஆறு நாளும் உபவாசமிருப்போர், ஊசியால் பசியே தோன்றாத நிலையில் விரதம் முன்னிலும் எளிதாவதைக் கண்டு அதைக் கடுமையாக்கிக்கொள்ளக் கூடும். அந்த எளிமையை வைத்தியர் அறிந்திருப்பது நல்லது.

டி ஜீவசத்து பருவத்தைப் பின்பற்றுவது. 42 பாகை அட்சரேகையிலுள்ள பாஸ்டனில் நவம்பர் முதல் பெப்ரவரி வரை வெயிலால் தோலில் அச்சத்து உண்டாவதில்லை என்று 1988-இல் காட்டப்பட்டது; மிசிசாகா அதற்கும் சற்று வடக்கே, 43.6 பாகையில் இருக்கிறது. கருநிறத் தோலுக்குக் கோடையிலும் அதிக நேரம் வேண்டும். ஆகவே குளிர்காலத்தில் நாளொன்றுக்கு 400 முதல் 800 அலகு என்ற மிதமான அளவு, ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இங்குள்ள தமிழருக்கு நியாயமானதே. கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கு 0.4 மில்லிகிராம் போலிக் அமிலம் பற்றியோ விவாதமே இல்லை. எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு மிகும் என்பதால், கருத்தரிக்க முயல்வதற்கு இரண்டு மாதம் முன்னரே செமாகுளூடைடை நிறுத்த வேண்டும் என்பதோடு சேர்த்து இதுவும் சொல்லப்பட வேண்டும். இரும்பு மாத்திரை மலச்சிக்கலைத் தரும், ஊசியும் தரும். ஆகையால் தேவை உறுதியானவருக்கு மட்டும் அது உகந்தது. தைராய்டு மாத்திரை உண்பவர் இரும்பையும் சுண்ணத்தையும் அதனின்று நான்கு மணிநேரம் விலக்கியே உண்ண வேண்டும்.

இன்னும் தீராதவை

கிடைத்துள்ள சான்றுகளை நிறுத்துப் பார்க்குமிடத்து, எல்லோருக்கும் ஒரே மாத்திரை என்ற விதியைவிட, ஊசி தொடங்கும் முன்பே பி-12, பெரிட்டின் முதலியவற்றைப் பார்த்து, பழைய மருந்துகளையும் உணவு வழக்கத்தையும் விசாரித்து, மிகக் குறைவாக உண்ணும் மாதங்களுக்கு மட்டும் சாதாரண அளவுள்ள பலசத்து மாத்திரையைச் சேர்ப்பது யுக்தமானதாகத் தோன்றுகிறது. ஆயினும் இது மறைமுகச் சான்றின்மேல் எழுந்த அபிப்பிராயமே. நிபுணர் சங்கங்களின் ஆலோசனைகளும் பெரும்பாலும் அவ்விதமானவையே.

எலும்பைப் பற்றிய சந்தேகம் முக்கியமானது. லிராகுளூடைட் என்னும் மூத்த மருந்தைக் கொண்டு டென்மார்க்கில் நடந்த பரிசோதனையில், மருந்தை மட்டும் பெற்றவர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி குறைந்தது. மருந்தோடு தேகாப்பியாசமும் செய்தவர்களுக்குப் பெரும்பாலும் காக்கப்பட்டது. அப்படியாயின் சுண்ண மாத்திரையால் எவ்வளவு காக்க முடியும் என்பது தனியே அளக்கப்பட வேண்டியது. தென்னாசியர் அதே எடையுள்ள ஐரோப்பியரைவிடக் குறைந்த தசையும் மிகுந்த கொழுப்பும் உடையவர் என்பது பல ஆய்வுகளின் முடிவு. இழக்கும் எடையில் தசையின் பங்கு அவர்களுக்கும் அதே 40 சதவீதம்தானா, ஊசியை நிறுத்தியபின் திரும்பிவரும் எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பவற்றுக்கு ஐரோப்பியரையும் கிழக்காசியரையும் வைத்து நடந்த பரிசோதனைகளிலிருந்து விடை பெற இயலாது. செமாகுளூடைடின் கனடியக் காப்புரிமை, பராமரிப்புக் கட்டணம் செலுத்தப்படாமையால் உரிய காலத்துக்கு முன்பே இழக்கப்பட்டது. எஞ்சியிருந்த தரவுப் பாதுகாப்பும் 2026 ஜனவரியில் முடிவுற்றது. மலிவான மாற்றுச் சரக்குகள் பெருகும்போது, போஷாக்கு நிபுணரைக் காணாமலே ஊசியைத் தொடங்குவோரின் தொகையும் பெருகக்கூடும். அவர்களுடைய இரத்தத்தை யார், எப்போது, எவருடைய செலவில் சோதிப்பது என்பதற்கு ஒன்ராறியோவில் இதுவரை திட்டமான ஏற்பாடு ஒன்றும் வகுக்கப்படவில்லை.